படிக்கட்டுப் பாட்டின் மறுபக்கம்

சவரிமுத்து அண்ணன் கிராமபோன் பெட்டியின் பக்கப் பலகையில் இடது கன்னத்தை ஒட்ட வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கண் மூடியிருக்கிறது. கையில் டீ ஆறிக்கொண்டிருக்கிறது. பட்டறைக் கரி அவர் கழுத்து மடிப்புகளில் கோடு கோடாகப் படிந்திருக்கிறது. பலகையில் கன்னம் படுகிற இடம் மட்டும் எண்ணெய் தடவியது போல மினுங்குகிறது.

பாட்டு மேலே ஏறுகிறது. ஒரு படி ஏறி, நின்று, திரும்பிப் பார்த்து, அடுத்த படி ஏறுகிறது. இனிமேல் ஏற இடமில்லை என்கிற ஓர் உச்சிக்குப் போய் நிற்கிறது. நின்றதும் கரகரவென்று முள் தேய்கிற சத்தம். பிளேட்டின் அந்தப் பக்கம் தீர்ந்துவிட்டது.

ராவுத்தர் முள்ளைத் தூக்குகிறார். அண்ணன் கன்னத்தை எடுக்கிறார்.

"நின்னுடுச்சா?" காது மந்தமானவர்களின் உரத்த குரல்.

"நின்னுடுச்சு சவரி."

"எறங்கலையே."

"என்னைக்கு எறங்கிச்சு, இன்னைக்கு எறங்க? டீயக் குடி."

தினமும் சாயங்காலம் பாய்லர் பட்டறைச் சங்கு ஊதியபின் ராவுத்தரின் பாலக்கரை டீக்கடையில் இதுதான் நடக்கும். மாட்டுச் சந்தையை விட்டு நான் ஏன் வந்தேன் என்று இந்தத் தொடரில் சென்ற வாரம் எழுதியதைப் படித்த ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அங்கே வேலை தீர்ந்தது, இங்கே வேலை இருந்தது. வேறு காரணம் இல்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. இரும்பு வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. எனக்குச் சோறு தேவைப்பட்டது.

உள்ளே உட்காருகிறவர்

பாய்லர் என்பது பெரிய இரும்புப் பீப்பாய். தகடுகளை ஒன்றோடொன்று ரிவிட் அடித்து இணைப்பார்கள். பழுக்கக் காய்ந்த ரிவிட்டை ஓட்டையில் செருகியதும் வெளியே நிற்பவர் சம்மட்டியால் அதன் வாலை அடித்துச் சப்பையாக்குவார். அடி தாங்குவதற்கு உள்ளே ஒருவர் ரிவிட்டின் தலைக்கு ஒரு கனத்த இரும்பை முட்டுக் கொடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். வெளியே விழுகிற அடி உள்ளே இடியாகக் கேட்கும். கோயில் மணிக்குள் தலையை விட்டுக்கொண்டு மணி அடிக்கச் சொல்வது போல.

சவரிமுத்து அண்ணன் மீசை அரும்பிய நாளிலிருந்து உள்ளே உட்கார்ந்தவர். நான் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நாற்பதுக்குக் கொஞ்சம் மேல். வலது காது முழுதும் போயிருந்தது. இடது காது போய்க்கொண்டிருந்தது. எனக்கு ரிவிட் காய்ச்சிக் கொடுக்கிற வேலை. முதல் நாள் சாயங்காலம் மாதாகோயில் மணி அடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கு வரவில்லை. என் காது இன்றும் ஓரளவு கேட்கிறதென்றால், நான் எங்கும் அதிக நாள் தங்காதவன் என்பதுதான் காரணம்.

அண்ணன் ஒரு டாக்டரிடம் போய் வந்தார். என்ன சொன்னார் என்று கேட்டோம்.

"நல்ல டாக்டருப்பா. சத்தமாப் பேசினாரு," என்றார் முதலில். பிறகு டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "எடதும் போயிடுமாம். ஆறு மாசமோ, ஒரு வருசமோ, சொல்ல முடியாதாம். உள்ள போவாதேன்னாரு. போவாட்டி எப்படி?" என்றார்.

ராவுத்தர் அவர் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார். சொல்வதற்கு இருந்ததையெல்லாம் அவரே சொல்லிவிட்டார்.

பேர் தெரியாத பாட்டுகள்

ராவுத்தர் பினாங்கிலிருந்து யுத்தத்துக்கு முன்னால் திரும்பியவர். கொண்டுவந்த சாமான்களில் உருப்படியாக மிஞ்சியது இந்தப் பெட்டி ஒன்றுதான். கடையில் அவர் போடுகிற பிளேட்டுகளெல்லாம் கர்நாடக சங்கீதம். கேட்கிறவர்களோ ஜட்கா ஓட்டுகிறவர்கள், சுருட்டுச் சுற்றுகிறவர்கள், கல் பட்டை தீட்டுகிறவர்கள், பட்டறை ஆட்கள். ஒருவருக்கும் ராகம் தெரியாது. பாட்டு தெலுங்கா சமஸ்கிருதமா என்பதும் தெரியாது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன்.

அதனால் பாட்டுகளுக்கு நாங்களே பேர் வைத்திருந்தோம். கடைசியில் ஸ்வரங்கள் தாவித் தாவி ஓடுகிற ஒன்று குதிரைப் பாட்டு. அது ஜட்காக்காரருக்குச் சொந்தம். அவர் கடையில் இருக்கிறபோது வேறு யாரும் அதைப் போடச் சொல்லக் கூடாது. தூக்கம் வரவைக்கிற ஒன்று தொட்டில் பாட்டு. அதைக் கூட்டம் இல்லாத நேரத்தில்தான் ராவுத்தர் போடுவார். மிருதங்கம் பின்னி எடுக்கிற ஒன்று சண்டைப் பாட்டு. கல் பட்டை தீட்டுகிற ஒருவருக்கு அழுகைப் பாட்டு என்று ஒன்று இருந்தது. அதைக் கேட்டால் அவர் சிரிப்பார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

பாட்டைக் கட்டியவர் யார் என்பதில் சண்டை உண்டு.

"எல்லாப் பாட்டையும் ஒரே ஐயருதான் கட்டினாராம். தஞ்சாவூர்ப் பக்கம், காவேரிக் கரையில," என்பார் ஜட்காக்காரர்.

"இத்தனையும் ஒரே ஆளு கட்டினா சோறு திங்க நேரம் ஏது?" என்பார் ஒரு சுருட்டுக்காரர்.

"எங்க தின்னாரு? வீடு வீடாப் போயி அரிசி வாங்கித்தான் பொழச்சாராம்."

"அப்ப நம்ம ரெங்கராசு மாதிரின்னு சொல்லு," என்று ராவுத்தர் என்னைக் காட்டுவார். "இவன் பாட்டுக் கட்டல. அதான் வித்தியாசம்."

சவரிமுத்து அண்ணனுடையது படிக்கட்டுப் பாட்டு. மலைக்கோட்டைப் படி போல ஏறிக்கொண்டே போவதால் அந்தப் பேர். ஏலத்துக்கு வந்த ஒரு வக்கீல் வீட்டுச் சாமான்களில் ராவுத்தர் வாங்கிய பிளேட்டு அது. மறுபக்கத்தில் யாரோ ஆணியால் இழுத்தது போல ஆழமாக ஒரு கீறல். முள்ளை வைத்தால் முதல் சுற்றிலேயே மாட்டிக்கொண்டு ஒரே எழுத்தை விக்கிக்கொண்டிருக்கும். நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தை அந்த வீட்டுப் பிள்ளைகள் சுரண்டி எடுத்துவிட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் பாடுகிறவர் பாட்டு முடிந்ததும் தன் பேரைத் தானே உரக்கச் சொல்லி முடிப்பார். இந்தப் பாட்டு முடிவது மறுபக்கத்தில். ஆகவே பாடியவர் பேரும் எங்களுக்குத் தெரியாது.

"மத்த பிளேட்டெல்லாம் முழுசாத்தானே இருக்கு சவரி? அதுல ஒண்ண வச்சுக்கயேன்," என்று ராவுத்தர் ஒருநாள் அவர் காதருகே கத்தினார்.

"அதெல்லாம் அவங்கவங்க பாட்டு. இது என்னுது." அண்ணன் கொஞ்ச நேரம் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். "காது போனாப் போவட்டும் ராவுத்தரே. அதுக்கு அப்புறம் உள்ள வச்சுக் கேட்டுக்க ஒரு முழுப் பாட்டு வேணும். இது உச்சியில போயி நின்னுக்கிட்டுக் கெடக்கு. எறங்கறத ஒரு தரம் கேட்டுட்டேன்னா போதும். பாதிப் பாட்ட வச்சுக்கிட்டு மிச்சக் காலத்த எப்படி ஓட்டுறது?"

மறுநாளே நானும் ராவுத்தரும் பிளேட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு பெரிய கடைவீதிக்குப் போனோம். பிளேட்டு விற்கிறவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேர் இல்லாமல் தேட முடியாது என்றார். தேடினாலும் கிடைக்காது, பிளேட்டு செய்கிற அரக்கெல்லாம் யுத்தத்துக்குப் போய்விடுகிறது, பழைய பிளேட்டுகளை அரைத்துத்தான் புதுசு செய்கிறார்கள் என்றார். "இதைக் கொடுத்துட்டுப் போறீங்களா, அரைக்கறதுக்கு ஆவும்," என்றும் கேட்டார்.

ராவுத்தர் பிளேட்டை வாங்கித் துண்டைச் சுற்றினார். குழந்தையைக் குளிரிலிருந்து மூடுகிற மாதிரி சுற்றினார்.

தட்டிக்கு இந்தப் பக்கம்

சங்கீதத்துக்கும் எனக்கும் உள்ள உறவு எப்போதும் ஒரு தட்டிக்கு வெளியே நின்றபடிதான். இருபது வயதுக்கு முன்னால் ஜீயபுரத்தில் வாழைக் கொல்லைகளில் வேலை செய்தேன். ஸ்ரீரங்கத்தில் பெரிய கல்யாணமென்றால் குலை தள்ளிய வாழை மரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பந்தல் கால்களில் கட்டுவோம். காலையில் கட்டிவிட்டுக் கிளம்பிவிட வேண்டியதுதான். நான் மட்டும் ஏதாவது சொல்லித் தங்கிவிடுவேன். சாயங்காலம் அங்கே கச்சேரி இருக்கும்.

பந்தலுக்குள் ஜமக்காளம். பந்தலைச் சுற்றித் தென்னங்கீற்றுத் தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் தெருவில் நாங்கள். பூக்கட்டுகிறவர்கள், வண்டிக்காரர்கள், தயிர் விற்றுவிட்டுக் கூடையோடு நிற்கிற பெண்கள். மைக் வராத காலம். பாடுகிறவரின் குரல் கீற்று இடுக்குகள் வழியாக வர வேண்டும். காவேரிக் காற்று எதிர்த்து அடித்தால் பாட்டு அறுந்து அறுந்து வரும்.

தெருவில் நிற்கிறவர்களுக்கு ஒரு நல்ல காலமும் உண்டு. மிருதங்கக்காரரைத் தனியாக வாசிக்க விட்டதும் உள்ளே இருக்கிறவர்கள் காபி குடிக்க எழுந்து போவார்கள். அப்போது தட்டியை ஒதுக்கிக்கொண்டு தலையை உள்ளே விடலாம். அப்படித்தான் முதன்முதலாக ஒரு பாடகரை நான் பார்த்தேன். அதுவரை கேட்ட குரலுக்கு என் மனசில் ஆறடி உயரம். அங்கே சாம்பல் நிறச் சால்வை போர்த்திய, எலும்பும் தோலுமான ஒரு சின்ன மனிதர் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்த உடம்பிலிருந்தா இது வந்தது என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதைப் பார்த்த தயிர்க்காரப் பெண், "என்ன தம்பி, பேயப் பாத்தியா?" என்றாள். பேயைப் பார்த்தால் பயம் வரும். இது வேறு. எதைக் கும்பிடுவதென்று தெரியாமல் கை மட்டும் கூப்பத் துடிக்கிற நிலைமை.

அந்த நிலைமை எனக்கு வாழ்க்கையில் இன்னொரு தரம் வந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஓடுகிற பாட்டு

ஒருநாள் ஜட்காக்காரர் கடைக்குள் ஓடிவந்தார். ஸ்ரீரங்கத்தில் மறுநாள் ஒரு பெரிய கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு. அதற்காகத் தஞ்சாவூர்ப் பக்கத்து நாயனக்காரர் ஒருவர் தன் கோஷ்டியோடு ரயிலில் வந்து இறங்கியிருக்கிறார். சத்திரத்தில் கொண்டுபோய் விட்டது இவர் வண்டிதான்.

"வாய்ப்பாட்டத்தான் அண்ணனுக்குக் கேக்க முடியல. நாயனம்னா செவுட்டுக்கும் கேக்குமே," என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அண்ணன் காதில் விழவில்லை.

நானும் ராவுத்தரும் மறுநாள் காலையில் காவேரிப் பாலத்தைத் தாண்டி அந்தச் சத்திரத்துக்குப் போனோம். நாயனக்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பருத்த உடம்பு, காதில் வைரக் கடுக்கன். பக்கத்தில் தவில்காரர் ஒருவர் விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

ராவுத்தர் விஷயத்தைச் சொன்னார். பட்டறை, காது, பிளேட்டு எல்லாம்.

"என்ன பாட்டு?" என்றார் நாயனக்காரர்.

"பேரு தெரியாதுங்க," என்றேன்.

"பாடினது யாரு?"

"அதுவும் தெரியாதுங்க. பேரு மறுபக்கத்துல இருக்கு. மறுபக்கம் ஓடாதுங்க."

"ராகம்?"

ராவுத்தர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"தாளமாச்சும் தெரியுமா, இல்ல அதுவும் மறுபக்கமா?" என்றார் தவில்காரர்.

"சரி, பாடிக் காட்டு," என்றார் நாயனக்காரர்.

நான் பாடினேன். வார்த்தை தெரியாது. வாய்க்கு வந்த எழுத்தைப் போட்டு, கடையில் கேட்டது கேட்டபடி, உச்சிவரை போய் நிறுத்தினேன்.

அவர் தவில்காரரைப் பார்த்தார். தவில்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"ஏன் தம்பி, ஒன்ன யாராச்சும் தொரத்துறாங்களா?"

"இல்லீங்களே. பிளேட்டுல இப்படித்தாங்க இருக்கு."

"இப்படி ஒரு பாட்டு கெடையாது. சங்கீதம் தெரிஞ்ச எவனும் இப்படிப் பாட மாட்டான். எலி ஓடுற மாதிரில்ல இருக்கு."

ராவுத்தர் தொண்டையைச் செருமினார். தலையில் இருந்த தொப்பியைச் சரி செய்தார். அவர் அப்படிச் சங்கடப்பட்டு நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"அது வந்துங்க, பெட்டியில வேகத்துக்கு ஒரு திருகாணி இருக்குங்க. வாங்கின புதுசுலயே அதக் கொஞ்சம் முடுக்கி வச்சேன்."

"ஏன்?"

"பாட்டு சீக்கிரம் முடிஞ்சா ஆளு சீக்கிரம் எந்திரிப்பான். அடுத்த ஆளு உக்காருவான். டீக்கடை பாருங்க."

தவில்காரர் சிரித்த சிரிப்பில் சத்திரத்துப் புறாக்கள் பறந்தன. நாயனக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். கண்ணில் தண்ணீர். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே என்னவோ இடித்தது. குதிரைப் பாட்டு, தொட்டில் பாட்டு, சண்டைப் பாட்டு எல்லாவற்றையும் இத்தனை காலம் நாங்கள் ஓட ஓடத்தான் கேட்டிருக்கிறோம்.

"இப்ப ஓடாம, நடந்து பாடு," என்றார் என்னிடம்.

எனக்கு வரவில்லை. அந்தப் பாட்டு நடந்து நான் பார்த்ததே கிடையாதே.

அவர் கண்ணை மூடினார். நான் பாடிய முதல் அடியை எடுத்து வாயைத் திறக்காமல் முனகினார். மிக மெதுவாக. ஒவ்வொரு படியிலும் காலை வைத்து, அந்தப் படி தாங்குகிறதா என்று பார்த்து, அடுத்ததற்குப் போனார். தினமும் கடை வாசலில் ஓடிக் கடந்து போகிற ஒரு மனிதன் அன்றைக்கு முதல் தடவையாக நின்று, நிமிர்ந்து, தன் முழு உயரத்தையும் காட்டினது போல இருந்தது. என் கையில் மயிர் சிலிர்த்தது.

"யா அல்லா," என்றார் ராவுத்தர் மெதுவாக.

நாயனக்காரர் கண்ணைத் திறந்தார். "காம்போதி," என்றார். பிறகு, அதைக் கட்டியவரின் பேரைச் சொன்னார். சொல்லும்போது இரண்டு கையும் தானாக நெஞ்சுக்கு வந்து குவிந்தது. அதைப் பார்த்து நானும் கும்பிட்டேன். ராவுத்தர் கையும் பாதி எழுந்து நெஞ்சில் வைத்தபடி நின்றது.

"சாயங்காலம் வாசிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"நான் மாப்பிள்ளைக்கு வாசிக்க வந்திருக்கேன் தம்பி. கல்யாணக்காரர் நடன்னா நடக்கணும், நில்லுன்னா நிக்கணும். வழியில அது வந்தா வரும். வராட்டி இல்ல."

நாங்கள் எழுந்தோம். வாசல் வரை வந்தபிறகு பின்னாலிருந்து குரல் வந்தது.

"அவருக்குக் கேக்கறது எந்தக் காது?"

"எடது," என்றார் ராவுத்தர்.

கரி வண்டி

அண்ணனை அரை நாள் வேலையை விடச் சொல்லி அழைத்துப் போனோம். எதற்கு என்று கைச் சாடையிலும் கத்தலிலும் சொன்னபோது அவர் மறுபேச்சுப் பேசாமல் கையைக் கழுவினார். பாலத்தில் நடந்துதான் போனோம். ஆற்றில் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடிக்கொண்டிருந்தது.

விளக்கு வைக்கிற நேரம். சித்திரை வீதியில் நுழையும்போதே கூட்டம். காஸ் விளக்குகளைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆட்கள் வரிசையாக நின்றார்கள். மாப்பிள்ளை கோட்டும் மாலையுமாக மோட்டாரில் உட்கார்ந்திருந்தார். பெட்ரோல் கிடைக்காத காலமாதலால் அது கரி வண்டி. பின்னால் ஒரு பெரிய இரும்பு உருளை. அதில் கரியை எரித்து வருகிற புகையில் வண்டி ஓட வேண்டும்.

அண்ணன் அந்த உருளையை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். "இதுவும் பாய்லருதான். ரிவிட்டு சரியில்ல," என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார்.

வண்டிக்கு முன்னால் நாயனக் கோஷ்டி. நாங்கள் அண்ணனை நடுவில் விட்டு முட்டி மோதி முன்னால் போனோம். ராவுத்தர் தன் அகன்ற முதுகைச் சுவராக்கி நின்றார். அண்ணனின் இடது காதுக்கும் தவிலுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

"ஏம்ப்பா, தவிலுக்குள்ளயே தலைய விடுவே போலிருக்கே," என்றார் தவில்காரர். பிறகுதான் ராவுத்தர் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார். ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார்.

வீதி முனையில் ஊர்வலம் நின்றது. நாயனக்காரர் ராகத்தை எடுத்தார்.

காலையில் அவர் முனகியது வெறும் கோடு. இப்போது அது மலையாக எழுந்தது. ராகம் மட்டுமே எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. விளக்குத் தூக்குகிறவர்கள் தோள் மாற்ற மறந்து நின்றார்கள். மாடிகளில் பெண்கள் அசையவில்லை. பிறகு பாட்டின் முதல் அடி வந்தது. எங்கள் பாட்டு. டீக்கடைப் பாட்டு. அண்ணன் என் கையைப் பிடித்தார். பட்டறைக்காரர் பிடி. எலும்பு வலித்தது.

படி படியாக ஏறினார். நாங்கள் ஓடிக் கடந்த ஒவ்வொரு படியிலும் இத்தனை இடம் இருந்ததா என்று எனக்கு மலைப்பாக இருந்தது. ஒவ்வொன்றிலும் ஓர் ஊரே குடியிருக்கலாம். மேலே, இன்னும் மேலே. உச்சி வந்தது. நாயனம் அங்கே நின்று ஒலித்தது. எனக்கு அந்த இடத்தில் கரகரவென்று முள் சத்தம் கேட்டது. பழக்கம்.

"பிள்ளைவாள்!"

பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், பஞ்சகச்சமும் திருமண்ணுமாகக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "தேனா வார்த்தேள். ஆனா நாழியாறது. உள்ளே இலை போட்டாச்சு. எல்லாரும் காத்துண்டிருக்கா. கொஞ்சம் நகரலாமோன்னோ?"

நாயனக்காரர் வாயிலிருந்து நாயனத்தை எடுத்தார். தலையசைத்தார். கல்யாணக்காரர் நடன்னா நடக்கணும்.

சரியாக அதே படியில் நின்றுவிட்டது.

ராவுத்தர் என்னைப் பார்க்கவில்லை. அண்ணன் என் கையை விட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. சங்கு ஊதினதும் செய்கிற மாதிரி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நின்னுடுச்சா?" என்றார்.

வண்டி உறுமியது. ஒரு முழம் நகர்ந்தது. இருமியது. கறுப்பாக ஒரு புகையை விட்டு நின்றுவிட்டது.

"என்னடா இது?" என்றார் பெண் வீட்டுப் பெரியவர்.

"கரி ஈரமுங்க சாமி. காத்துச் சுத்தினாத்தான் பிடிக்கும்," என்று டிரைவர் குதித்து இறங்கி, பின்னால் இருந்த கைப்பிடியைப் போட்டுச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றிக்கொண்டே கூட்டத்தில் கண்ணை ஓட்டினார். கழுத்தில் கரிக்கோடு தெரிகிற அண்ணனைப் பார்த்துவிட்டார். "அண்ணே, பட்டறை ஆளுதானே? கொஞ்சம் கை குடுங்களேன்!"

அண்ணனுக்குக் கேட்கவில்லை. எனக்கும் ராவுத்தருக்கும் அந்த நேரத்தில் அவரைவிட மோசமாகக் காது அடைத்திருந்தது.

ராவுத்தர் கைப்பிடி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் காதில் சொன்னார்: "ரெங்கராசு, பாத்தியா? நம்ம பெட்டிக்குக் குடுக்கற மாதிரியே அவன் சாவி குடுக்கறான்."

நாயனக்காரரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். பெரியவர் கையை விரித்தார். அவ்வளவு போதும். நாயனக்காரர் ஓர் அடி எடுத்து வைத்து எங்கள் பக்கம் திரும்பினார். நாயனத்தின் வாயை மெல்லச் சாய்த்து, அண்ணனின் இடது காதுக்கு நேராகக் கொண்டுவந்தார்.

விட்ட உச்சியிலேயே பிடித்தார். அங்கே ஒரு மூச்சு நேரம் நின்றார். பிறகு இறங்கினார்.

ஏறிய வழியில் இறங்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வழி இருந்திருக்கிறது. எங்கள் ஒருவருக்கும் தெரியாத வழி. நிழலான இடங்கள், சட்டென்று வெளிச்சம் அடிக்கிற வளைவுகள், ஓரிடத்தில் உட்கார்ந்து மேலே பார்த்து மறுபடி இரண்டு படி ஏறி, சிரித்துக்கொண்டே திரும்பி வருகிற விளையாட்டு. இறங்க இறங்கச் சத்தம் தாழ்ந்து, ஆழ்ந்து, தரையிலிருந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது. அடிவாரத்தில் கொஞ்ச நேரம் உலாவினார். பிறகு மறுபடி மெல்லக் கிளம்பி, சுற்றிக்கொண்டு வந்து, பாட்டு புறப்பட்ட அதே முதல் அடியில், அதே வாசலில் காலை வைத்தார்.

எதைக் கும்பிடுவதென்று அன்று எனக்குத் தெரிந்தது என்று சொல்ல ஆசைதான். அன்றும் தெரியவில்லை. கை மட்டும் கூப்பியிருந்தது.

தவில் ஓய்ந்தது. தெருவே மூச்சை அடக்கியிருந்த அந்த அமைதியில் அண்ணன் தன் குரலில் கத்தினார்:

"எறங்கிடுச்சு ராவுத்தரே!"

வீதி முழுவதும் சிரித்தது. மாப்பிள்ளை சிரித்தார். நாயனக்காரர் சிரித்துக்கொண்டே மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். முகத்தை மட்டும் துடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. பின்னால் கரி வண்டி படபடவென்று பிடித்துக்கொண்டது.

அப்புறம்

மறுநாள் காலையில் ராவுத்தர் திருகாணியைத் தளர்த்தினார். பாட்டு இழுக்கிறதே என்று புதிதாக வந்த ஒருவர் சொன்னாராம். "டீயும் அதே மாதிரிதான் வரும், உக்காரு," என்றாராம்.

அடுத்த மழைக்காலத்துக்குள் அண்ணனின் இடது காதும் போய்விட்டது. அதன் பின்னும் உள்ளே உட்கார்ந்து முட்டுக் கொடுத்தார். கேட்காதவருக்கு அந்த வேலையில் இனி கஷ்டமில்லை என்று சொல்லிச் சிரித்தார். நான் வழக்கம்போல வேறு ஊருக்குப் போய்விட்டேன். ஈரோடு, கொழும்பு, அதையெல்லாம் முன்பே எழுதியிருக்கிறேன்.

யுத்தம் முடிந்து ஒரு நாள் சாயங்காலம் பாலக்கரைக்குத் திரும்பி வந்தேன். ராவுத்தருக்குத் தாடி வெளுத்திருந்தது. கடை நிறைய ஆட்கள். பெட்டியருகே அண்ணன், பலகையில் கன்னத்தை வைத்தபடி, கண்ணை மூடிக்கொண்டு. முள் தூக்கியாகிவிட்டது. பிளேட்டு நின்றுவிட்டது. ஆனால் அண்ணன் கன்னத்தை எடுக்கவில்லை. கடையில் ஒருவரும் பேசவில்லை. டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம்கூட இல்லை.

"என்ன பாய், சௌக்கியமா..." என்று ஆரம்பித்தேன்.

ராவுத்தர் உதட்டில் விரலை வைத்தார்.

"இரு ரெங்கராசு," என்றார் ரகசியமாக. "பாட்டு ஓடுது."

நான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கண்ணை மூடி, உச்சியிலிருந்து மெல்ல இறங்க ஆரம்பித்தேன். வழி ஞாபகம் இருந்தது. அவர் கன்னத்தை எடுத்தபோது நானும் சரியாக அந்த வாசலுக்கு வந்திருந்தேன்.